பச்சை மருந்து போன தூரம்

நீர்ப்பாசன வேலையில் இருந்த காலத்தில் என் பொறுப்பில் பதினேழு வாய்க்கால் கதவுகள் இருந்தன. பெரிய கதவைத் திறக்க அதன் சக்கரத்தை இருபத்திரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். சிறியவற்றுக்கு ஒன்பது போதும். ஓய்வுபெற்ற பிறகும் எதையாவது திருகினால் மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிடுகிறேன். ஊறுகாய்ப் போத்தலின் மூடியைத் திறந்தாலும் அப்படித்தான். என் மனைவி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "எத்தின சுத்து வந்திச்சி?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள்.

அத்தனை கதவுகளையும் திறந்தவன் நான். ஆனால் சிறுபோகம் என்கிற கோடை வெள்ளாமைக்கு விட்ட முதல் தண்ணீர் கடைசி வயலுக்குப் போய்ச் சேர்வதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தண்ணீர் திறந்த நாளில் கதவடியை விட்டு அசைய முடியாது. எங்காவது கரை இடியும். மேல்வயல்காரன் வாய்க்காலை மறித்துத் தன் பக்கம் வெட்டுவான். அவனோடு சண்டை பிடித்து முடிக்கும்போது கீழே தண்ணீர் போய்ச் சேர்ந்திருக்கும். கடைசி வயலில் நின்று அதைப் பார்த்தவள் என் மனைவி.

அந்தக் கடைசி வயல் அவளுடையது. எங்கள் பக்கத்தில் வீடும் காணியும் பெண்ணோடு போகும். கலியாணம் முடிக்கிற ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவான். சாய்ந்தமருதில் நாங்கள் இருக்கிற வீட்டை அவளுடைய வாப்பா அவளுக்குக் கட்டிக்கொடுத்தார். அதை இப்போது எங்கள் மகளுக்கு எழுதிவிட்டு நாங்கள் பின்னறையில் இருக்கிறோம். மேற்கே வட்டை என்கிற வயல்வெளிக்குள், வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கிற மூன்று ஏக்கர் வயலும் அவர் கொடுத்ததுதான். மாமனார் வயலுக்கு மருமகன் தண்ணீர் விடுகிறான் என்று மேல்வயல்காரர்கள் என்னைக் குத்திக் கதைப்பார்கள். அந்த வயலுக்குத்தான் கடைசியில் தண்ணீர் போகிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

தண்ணீர் திறக்கிற நாளில் அவள் சோற்றுப் பொதியைக் கட்டிக்கொண்டு, தன் காக்கா, அதாவது அண்ணன், ஓட்டுகிற உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வயலுக்குப் போவாள். காய்ந்து கிடக்கிற வாய்க்காலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நிற்பாள். வரம்பில் இருந்து பார்த்தால் போதாதா என்று நான் கேட்டதுண்டு.

"கண்ணால பாத்தா ஏமாத்திப் போடும்," என்பாள். "வாய்க்கால் முதல்ல நனையும். எல்லாரும் தண்ணி வந்திட்டு எண்டு கூப்பிடுவாங்க. அது மேல்வயல்ல இருந்து கசிஞ்சி வாற ஈரம். அத நம்பி நாத்துக்கு விதை நெல்ல நனைச்சிப் போட்டா நெல்லுத்தான் பாழ். தண்ணி எண்டா விரலுக்கிடையால ஓடணும்."

விரலுக்கிடையால் ஓடியதும் எனக்குச் சொல்லியனுப்புவாள். தொடக்கத்தில் யாராவது ஒருவன் சைக்கிளில் வந்து சொல்வான். கைத்தொலைபேசி வந்த பிறகு அவளே அழைப்பாள். ஸலாம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. "வந்திட்டு," என்பாள், வைத்துவிடுவாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டால்தான் என் நெஞ்சு ஆறும். நான் ஓய்வுபெற்று, கதவுகளை வேறொருவர் திறக்கத் தொடங்கிய பிறகும் அவள் போய் நின்றாள். நான் பழக்க தோஷத்தில் கதவடிக்குப் போய்ப் புதிய ஆளுக்குக் குறை சொல்லிக்கொண்டு நின்றேன். இன்றைக்கு யோசித்தால் அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சம்பளமும் இல்லை, பொறுப்பும் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கலாம்.

சீனி வருத்தம், அந்த நீரிழிவு, அவளுக்கு வந்து கனகாலம். மெல்ல மெல்லப் பாதம் மரத்துப்போயிருக்கிறது. எங்களுக்குச் சொல்லவில்லை. போன சிறுபோகத்தில் வாய்க்காலுக்குள் நின்றபோது உடைந்த ஊரி ஒன்று, அந்த நத்தை ஓடு சவர அலகு மாதிரி இருக்கும், இடது பெருவிரலுக்குக் கீழே வெட்டியிருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. "வந்திட்டு" என்று வழக்கம்போல எனக்குச் சொன்னாள். மகள்தான் அன்று பின்னேரம் வீட்டு மாபிள் தரையில் இரத்தத் தடத்தைக் கண்டாள்.

புண் ஆறவில்லை. பெருவிரல் கறுத்தது, பிறகு அடுத்தது. கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். சத்திரசிகிச்சை டொக்டர் பொத்துவில்காரர், நடுத்தர வயது, சுற்றி வளைக்காமல் கதைக்கிறவர்.

"ஹாஜியார், ரெண்டு வழிதான் இரிக்கி," என்றார். "பாதத்துட நடுப்பகுதி மட்டும் நல்ல இரத்தம் வருகுது எண்டா, விரல்கள மட்டும் எடுத்துப் போட்டுக் குதிய வெச்சிக்கலாம். நடப்பாங்க. வரல்ல எண்டா, அங்க வெட்டினா புண் ஆறாது. முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும்."

"எப்படித் தெரிஞ்சிகொள்ளுற?"

"கையால தொட்டுப் பாத்தா நிச்சயமாச் சொல்லேலா. ஒரு கமரா வந்திரிக்கி, கொழும்பில இருந்து கடனா. இந்தக் கிழமை மட்டும் நம்மட்ட இரிக்கும்."

அந்தக் கமராவைப் பற்றி அவர் சொன்னதை நான் திரும்பத் திரும்பக் கேட்டு விளங்கிக்கொண்டேன். கையின் நரம்பில் ஒரு மருந்தை ஏற்றுவார்கள். அது இரத்தத்தோடு ஓடும். பாதத்தின் மேல் ஒரு வகை ஒளியைக் காட்டினால், அந்த மருந்து போன இடமெல்லாம் மினுங்கும். ஆனால் அந்த மினுக்கம் கண்ணுக்குத் தெரியாது. பள்ளியில் செங்கீழ்க் கதிர் என்று படித்தோமே, சிவப்புக்கு அப்பால் உள்ளது, அந்த வகை. இருட்டில் டோர்ச்சை உள்ளங்கைக்குப் பின்னால் பிடித்தால் சிவப்பு மட்டும் சதையைக் கடந்து வரும் அல்லவா? சிவப்பைத் தாண்டினால் இன்னும் சுலபமாகக் கடக்குமாம். இரத்தமும் அந்த ஒளியை அதிகம் குடிப்பதில்லை, சதையும் தன்பாட்டில் மினுங்குவதில்லை. அதனால் மருந்து இருக்கிற இடம் மட்டும் தெளிவாகத் தெரியும்.

"எவ்வளவு ஆழம் தெரியும்?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்தான். மில்லிமீற்றர் கணக்கு. எலும்புக்குள்ள எல்லாம் தெரியாது. ஆனா வெட்டின இடம் ஆறுமா எண்டு சொல்லுறதுக்கு அது பெரிய உதவி."

அடுத்த நாள் பகலில் அவளை மருந்து கட்டுகிற சின்ன அறைக்குக் கொண்டுபோனார்கள். மகள் வெளியே நின்றாள். என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். யன்னலில் எட்டுக் கண்ணாடிகள், இரண்டில் வெடிப்பு. கூரைத் தகடுகளில் ஒன்றில் பல்லி முட்டை மாதிரி மூன்று பொட்டுகள். நான் எண்ணுவதை அவள் படுத்தபடியே கவனித்திருக்கிறாள்.

"முடிஞ்சிதா, இன்னும் கிடக்கா?" என்றாள்.

"காத்தாடி கிடக்கு."

"அது ஒண்டுதான் இரிக்கி. அதையும் எண்ணிப் போடுங்க."

தாதி கல்முனையைச் சேர்ந்த மெதடிஸ்தப் பெண். எங்கள் ஊர் வழக்கப்படி நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். வெயில் வெளிச்சத்திலும் அந்தக் கமரா பார்க்கிற ஒளி இருக்கிறதாம், யன்னலை மறைக்காவிட்டால் படம் கெட்டுவிடும் என்றார். ஆஸ்பத்திரித் திரை வெள்ளையாகவும் மெல்லிசாகவும் இருந்தது. மிஸ் சுற்றிப் பார்த்துவிட்டு, கதிரையில் மடித்து வைத்திருந்த என் மனைவியின் கறுப்பு அபாயா அங்கியை எடுத்தார்.

"அம்மா, இத யன்னல்ல போடட்டா? நல்ல கறுப்பா இருக்கு."

"போடுங்க மிஸ். சுருங்கினா இவர் அயன் பண்ணித் தருவார்."

அபாயாவைத் தொங்கவிட்டதும் அறை இருண்டுவிட்டது. டொக்டரும் மிஸ்ஸும் நானும் திருப்தியாக நின்றோம். டொக்டர் கமராவைப் போட்டு ஒருமுறை சுற்றிக் காட்டினார். திரையில் யன்னல் பளபளத்தது. அபாயா சாம்பல் நிறத்தில், நனைந்த கடதாசி மாதிரி வெளிறிக் கிடந்தது. அதற்கூடாக வெயில் வந்துகொண்டிருந்தது.

டொக்டர் சிரித்துவிட்டார். "நம்மட கண்ணுக்குத்தான் இது கறுப்பு. இந்த வெளிச்சத்துக்கு இது சல்லடை."

என் மனைவி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "அப்ப என்னயும் இப்பிடியா அது பாத்துக்கு இரிக்கி?"

"இல்ல உம்மா, அது உங்கட கால மட்டும்தான் பாக்கும்."

"டொக்டர் சொல்லுவார். கமரா சொல்லுமா?"

"நான் இஞ்சதானே நிக்கிறன் அம்மா," என்றார் மிஸ். "அது தலையத் திருப்பினா நான் கன்னத்தில ஒண்டு குடுப்பன்." என்றாலும் போய் இரண்டு கம்பளிப் போர்வைகளைக் கொண்டுவந்து, ஒன்றை அவள் மேல் போட்டு, மற்றதை மருந்துப் பெட்டி அட்டைகளோடு சேர்த்து யன்னலில் அடைத்தார். "இருவது வருசமாக் கறுப்பெண்டு நம்பித்தான் உடுத்தன்," என்று என் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் கடைசி என்பதால் எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அயடீன் ஒத்துக்கொள்ளுமா, முன்பு எந்த மருந்துக்காவது உடம்பு தடித்ததா என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றாள். மருந்து சின்னக் குப்பியில் பொடியாக இருந்தது. மிஸ் தண்ணீர் விட்டுக் கலக்கியதும், பொன்னாங்கண்ணியை அரைத்துப் பிழிந்தாற்போல் கடும் பச்சையாக வந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இவ்வளவு கேட்ட பிறகு, ஏதோ வெளிச்சமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்தப் பச்சை அவளுடைய கைக்குள் போய் மறைந்தது. "பிஸ்மில்லாஹ்," என்றாள். நான் அவளுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திரை முதலில் கறுப்பாகவே இருந்தது. பாதத்தின் ஓரம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பிறகு கணுக்கால் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு நுழைந்தது. அது இரண்டாகப் பிரிந்தது. ஒன்று குதியைச் சுற்றிப் போய்ப் பரவியது. மற்றது பாதத்தின் உள்வளைவால் முன்னே போனது. போகப் போகச் சின்னச் சின்னக் கிளைகள் விட்டது. கிளைகளுக்கிடையில் இருந்த கறுப்பு மெல்ல வெளுத்தது.

பெரிய வாய்க்கால், கிளை வாய்க்கால், பிறகு வயல். நான் கதவைச் சுற்றித் திறந்து அனுப்பிய தண்ணீர் காணாத இடத்தில் என்ன செய்தது என்பது என் கண்முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் யாருடைய வயலில்? கலியாணம் முடித்து முதல் நாள், முற்றத்து மணலில் நான் பார்க்காத மாதிரிப் பார்த்த கால் அது.

வெளிச்சம் நடுப்பாதத்தைத் தாண்டியது. டொக்டர் "நல்லம், நல்லம்" என்றார். விரல்களின் அடிவரை வந்து நின்றது. அதற்கு மேல் ஐந்து விரல்களும் இருட்டு.

"பொறுங்க டொக்டர்," என்றேன். "கடைசிக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். கமராவ நிப்பாட்டாதீங்க."

அவர் நிறுத்தவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். குதியில் இருந்த வெள்ளை மங்கத் தொடங்கியது. கண்ணை எடுக்காமல் இருந்தேன். அப்போது பெருவிரலின் அடியில், கறுப்புக்கு உள்ளே, ஒரு சின்ன மினுக்கம். அது கொஞ்சம் பெருத்தது. அடுத்த விரலிலும் ஒரு பொட்டு.

"வந்திட்டு," என்றேன்.

என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. மிஸ் டொக்டரைப் பார்த்தார். டொக்டர் திரைக்குக் கிட்டக் குனிந்தார். என் மனைவி தலையணையில் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "அது வரல்ல. கசிஞ்சிரிக்கி."

"நீ சும்மா கிட. இந்தா தெரியிது, ரெண்டு விரல்லயும்."

"எனக்கும் தெரியிது. ஓடி வந்திருந்தா முன்னுக்கே வந்திருக்கும். இது சுத்துவட்டாரம் வத்தின பொறகு ஊறிக்கு நிக்கிது." என் கையை விரல்களால் அழுத்தினாள். "நீங்க கதவடியில நிண்ட ஆள். வாய்க்காலுக்குள்ள நிண்டது நான்."

டொக்டர் மெதுவாகச் சொன்னார்: "உம்மா சொல்லுறது சரி, ஹாஜியார். பழுத்த இடத்தில இரத்தக் குழாய்கள் இறுக்கமில்லாமப் போயிரும். மருந்து வெளிய கசிஞ்சி அங்கயே தங்கும். அத இரத்த ஓட்டமெண்டு எடுத்து விரல விட்டமெண்டா, அழுகல் ஏறும். மறுகா குதியும் மிஞ்சாது."

எனக்குத் தெரியாததா? ஈரம் வேறு, தண்ணீர் வேறு என்று எத்தனை விவசாயிகளிடம் வரம்பில் நின்று சொல்லியிருக்கிறேன்.

"டொக்டர், தண்ணி வந்த இடத்த உடுங்க," என்றாள் அவள். "வராதத எடுங்க. இவர்ட கேக்காதீங்க. இவர் அஞ்சையும் எண்ணிக்குத்தான் இரிப்பார்."

டொக்டர் ஊதா நிறப் பேனாவால் விரல்களின் அடியில், வெளிச்சம் நின்ற இடத்துக்கு இந்தப் பக்கம், பாதத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஐந்து. நான் எண்ணத்தான் செய்தேன்.

அந்த மருந்து எப்போது உடம்பை விட்டுப் போகும் என்று கேட்டேன். ஈரல் அதை உடனுக்குடன் எடுத்துப் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும், பின்னேரம் ஆகும்போது ஒன்றும் இருக்காது என்றார். அன்று பகல் முழுக்க அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் தூங்கினாள். இப்போதும் கொஞ்சம் இவளுக்குள் மினுங்கிக்கொண்டிருக்கும் என்று நினைத்தபடி அவள் கையைப் பார்த்தேன். தளர்ந்த தோலும் பச்சை நரம்பும்தான் தெரிந்தன.

வெட்டிய இடம் ஆறியது. மெதுவாக ஆறியது; நான் ஒவ்வொரு கட்டு மாற்றத்துக்கும் பயந்தேன். கொழும்பில் செய்வித்த சப்பாத்தின் முன்பக்கத்தில் ஸ்பொன்ஜ் அடைத்திருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு அவள் குசினிக்குப் போகிறாள், முற்றத்துக்குப் போகிறாள், மகளோடு வாய்காட்டுகிறாள். தொழுகைக்கு உளூச் செய்யும்போது சின்னவிரலால் கால்விரல்களைக் கோதிக் கழுவுவது அவள் வழக்கம். இப்போதும் இடது காலுக்கு வந்ததும் அவள் கை அந்த இடத்துக்குப் போய், ஒன்றும் இல்லாமல், அப்படியே நிற்கும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

வயலுக்குள் இறங்கக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சேற்றில் ஒரு கீறல் பட்டாலும் மிஞ்சியதும் போய்விடும். அவள் ஓம் என்று தலையாட்டினாள். ஆனால் இந்தச் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கிற நாள் நெருங்க நெருங்க அவள் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு மேற்குப் பக்கத்து யன்னலைப் பார்க்கத் தொடங்கினாள்.

அன்றைக்குக் காலையில் சோற்றுப் பொதியைக் கட்டி என் கையில் தந்தாள்.

"எங்க போக?" என்றேன்.

"வேற எங்க? கதவடிக்குப் போய் அந்தப் பொடியனோட கொழுவாம, கடைசிக்குப் போங்க."

ஓட்டோ பிடித்துப் போனேன். வட்டை முழுக்கக் காய்ந்து வெடித்துக் கிடந்தது. வாய்க்கால் முடிகிற இடத்தில் மருத மரத்துக்குக் கீழே நின்றேன். அவள் நின்ற இடம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமாக அவளிடம் கேட்டிருக்கவில்லை. அப்போது அவளே போனில் அழைத்தாள்.

"எங்க நிக்கிறீங்க?"

"மரத்தடியில."

"மரத்தடியில நிண்டு என்ன தெரியும்? கீழ ஒரு கல்லிரிக்கி, தட்டையா. அதுக்கு முன்னால இறங்குங்க. செருப்பக் கழட்டினீங்களா?"

கழற்றவில்லை. கழற்றினேன்.

"ஊரி கிடக்கும். பாத்துக் கால வைங்க."

இறங்கி நின்றேன். மண் சுட்டது. அவள் போனை வைக்கவில்லை. அடுக்களையில் சட்டி ஒன்று வைக்கிற சத்தமும், மகள் யாரையோ ஏசுகிற சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் என் காலடி மண் கறுத்தது.

"நனைஞ்சிரிக்கி," என்றேன்.

"பொறுங்க. அது கசிவு."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொன்ன?"

பொறுத்தேன். முதலில் வைக்கோல் துண்டுகளும் நுரையும் வந்தன. கட்டெறும்புக் கூட்டம் ஒன்று சுருண்டு மிதந்து வந்தது. பிறகு தண்ணீர் என் பெருவிரலில் முட்டி, நின்று, யோசித்தாற்போல் இருந்துவிட்டு, விரல்களுக்கிடையால் ஓடத் தொடங்கியது. ஒரு காலில் நான்கு இடைவெளிகள். நான்கிலும் ஓடியது. குளிர்ந்தது. இவ்வளவு குளிராக இருக்கும் என்று அவள் சொன்னதில்லை.

அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியவன் நான். வாய்வரை வந்தது. சொல்ல முடியவில்லை. குனிந்து, போனைத் தண்ணீருக்குக் கிட்டப் பிடித்தேன். முதுகு வலிக்க வலிக்க அப்படியே நின்றேன். தண்ணீர் தட்டைக் கல்லில் மோதிச் சலசலத்தது.

போனுக்குள் சின்னதாக அவள் குரல் கேட்டது.

"வந்திட்டு," என்றாள். பிறகு, "போதும், நிமிருங்க. இடுப்புப் புடிக்கும்," என்றாள்.